பெயர் போடாத மரண அறிவித்தல்

யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் நிற்கிற கட்டடப் பொருள் கடையைக் கட்டினவன் நான். அதற்குப் பின்னால் சீமெந்துக் கலவையை அச்சில் அடித்துக் கல் அரிகிற முற்றத்தைப் போட்டவனும் நான். பாறைக்கு வெடி வைக்க விடாத சண்டைக் காலத்தில் அலவாங்கால் கொத்திக் கொத்தியே என் வளவுக்குள் கிணறு இறக்கினேன். அந்தத் தண்ணீர் இன்றைக்கும் உவர்க்கவில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தால் கடைக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, கதவு நிலையைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மறுபடி கட்டினேன். வீட்டுக்கு மேல் மாடி எடுத்து, எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலிக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் தங்க அறைகள் போட்டேன். லொறி வாங்கினேன், ஓட்டப் பழகினேன், பிறகு ஓட்டுவதற்கு ஆள் வைத்தேன். தங்கச்சியை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலை இவ்வளவும். இதில் ஒன்றுக்கும் ஒருவரும் எனக்குச் சான்றிதழ் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். அது கல்லும் சீமெந்தும் சம்பந்தப்பட்டதல்ல, ஒரு பட்டப்படிப்புச் சம்பந்தப்பட்டது. என்ன கேட்கிறேன் என்று விளங்க வேண்டுமானால் நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும். இதில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என்னுடையதையும் எழுதப் போவதில்லை. தன் பெயரைத் தானே எழுதி வைக்கிறவன் வாசிகசாலை வாங்குப் பலகையில் ஆணியால் கீறுகிற பொடியனுக்குச் சமம். எழுத வேண்டியவர்கள் எழுதட்டும்.

என் தங்கச்சி தென்மராட்சியில் இருக்கிறாள். அவளுடைய மகள், என் மருமகள், படிப்பில் கெட்டிக்காரி என்று சொன்னார்கள். உயர்தரத்தில் எடுத்த பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் காணாது. அதனால் பலாலி வீதியில் இருந்து உள்ளுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், கண்ணாடி பதித்த கட்டடத்தில் நடக்கிற தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். கண்ணாடி பதிக்க முதல் அந்தக் கட்டடம் உரக் களஞ்சியம். அதற்குக் கல் கொடுத்தவன் நான். வந்து என் வீட்டில்தான் தங்கினாள். முதல் நாள் படிப்பின் பெயரைச் சொன்னாள்: இணையப் பாதுகாப்பும் கணினி முறைமை நிர்வாகமும்.

"அப்பிடியெண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"கொம்பியூட்டருகளைக் கள்ளரிட்டை இருந்து காப்பாத்துறது மாமா. பேந்து அதுகளை ஒழுங்கா ஓடப் பண்ணி வைச்சிருக்கிறது."

"ஒருத்தன் வாசல் காவல், மற்றவன் கூட்டித் துடைக்கிறவன். ரெண்டு வேலைக்காரர். கண்டறியாத இந்தப் படிப்புக்கு நாலு வருசமோ?"

"உங்கடை கடைக் காவலாளி கதிரையிலை இருந்து குறட்டை விடுறார் மாமா. அவருக்கும் ஒரு வருசமாவது படிப்பிச்சிருக்கலாம்."

வாய் அவளுக்குத் தாயிடமிருந்து வந்தது. எங்கள் குடும்பத்து வாய்தான், குறை சொல்ல மாட்டேன்.

அந்த நாலு வருசமும் நான் பார்த்தது இதுதான்: கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. படம் இல்லை, நிறம் இல்லை. என்னடி செய்கிறாய் என்று கேட்டால், "சேர்வருக்கு அலுவல் சொல்லுறன் மாமா" என்பாள். அதுவும் கேட்டு நடந்தபாடில்லை. ஒரு சொல்லில் ஒரு புள்ளி பிழைத்தால் மாட்டேன் என்று நிற்கும். என் முற்றத்தில் கல் அரிகிறவனிடம் பாதி சொன்னால் மீதியைத் தானே விளங்கிக்கொள்வான். மேல் மாடிப் பிள்ளைகளோ இன்னும் மோசம். மடிக்கணினி மூடி முழுக்கப் படங்கள் ஒட்டியிருப்பார்கள், மண்டையோடு, பூட்டு, முகமூடிக்காரன். உலகத்தில் எந்தக் கதவையும் திறப்போம் என்று கதைப்பார்கள். தண்ணீர்த் தாங்கிக் குழாய் இறுகிவிட்டால் அதைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

படிப்பிக்கிறவர்களையும் கண்டேன். மருமகளுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஒரு இளம் விரிவுரையாளர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆனி மாத வெய்யிலில் கழுத்துப்பட்டி கட்டுவார். தமிழில் ஒரு வசனம் தொடங்கினால் வினைச்சொல் மட்டும்தான் தமிழில் வரும்.

கடைசி வருசத்தில்தான் இந்தப் படிப்பு என் வாசலுக்குள் வந்தது. ஒவ்வொருவரும் உண்மையான நிறுவனம் ஒன்றை எடுத்து, அதன் கணினிகளைச் சோதித்து, ஓட்டைகளைக் கண்டுபிடித்து, அடைத்து, ஆய்வு எழுத வேண்டும். அது தேறினால்தான் பட்டம். மருமகள் எந்த நிறுவனத்துக்குப் போவாள்? கொழும்புக் கம்பனிகள் வாசலிலேயே மறித்து அனுப்பிவிடும். "என்ரை கடையை எடு" என்றேன். பெரிய மனது என்று நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வந்த முதல் நாளே குற்றம் பிடித்தாள். கடையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். அது எங்கள் ஊர்ப் பிள்ளையாருடைய பெயர். மறக்காமல் இருக்கத் திரையின் கரையில் எழுதி ஒட்டியும் இருந்தது.

"மாமா, யாழ்ப்பாணத்திலை பாதிப் பூட்டு சாமிப் பேரிலைதான் திறக்கும். கோயில் கொடியேற்ற நோட்டீசைக் கையிலை வைச்சுக்கொண்டே ஒருத்தன் ஊரைக் கொள்ளையடிக்கலாம்."

"சாமி பேரிலை இருந்தால் சாமி காவல்தானே?"

"சாமிக்கு உண்டியல் பூட்டு ஆர் போட்டது?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை, சீமெந்து லொறி வந்துவிட்டது.

பிறகு சேர்வர்ப் பெட்டியைக் கழற்றினாள். வாணி பூசைக்கு வருசா வருசம் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போடுவோம். காற்றாடிக்குள் இருந்து காய்ந்த செவ்வந்தி இதழ்களைக் குறடால் எடுத்து, ஒரு தட்டில் போட்டுப் படம் பிடித்தாள். ஆய்வில் அந்தப் படமும் இருக்கிறது. அதன் பிறகு ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், ஆளுக்கொரு அதிகாரம். கல் விற்கிறவன் கம்பியின் இருப்பைப் பார்க்க முடியாது, கம்பி விற்கிறவன் பெயின்ற் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. காசாளர்ப் பிள்ளை என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னாள்:

"முதலாளி, என்ரை மேசையிலை வந்து இருக்க என்னட்டையே நீ ஆரெண்டு கேக்குது. கள்ளியோ நான்?"

"நாலு வருசம் படிச்சவையின்ரை ஏற்பாடு தங்கச்சி. பொறுத்துக்கொள்" என்றேன்.

இதெல்லாம் பாதி ஆய்வுதான். மற்றப் பாதி மனிதர்களைச் சோதிப்பது. தூண்டில் செய்தி என்று அதற்குப் பெயர். கள்ளன் அனுப்புவதுபோல ஒரு பொய்ச் செய்தியைக் கடை ஆட்களுடைய கைபேசிக்கு இவள் அனுப்புவாள். அதில் ஒரு இணைப்பு இருக்கும். விரலால் அதை அமத்தினால் ஆள் விழுந்தது என்று அர்த்தம். எத்தனை பேர் விழுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், பிறகு திரும்ப அனுப்பி எத்தனை பேர் குறைந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குக் கல்லூரி அனுமதி கொடுத்தது. முதலாளி என்று நானும் ஒப்பம் வைத்தேன்.

புத்தகத்தில் உள்ள மாதிரியே அனுப்பினாள். உங்களுக்குப் பொதி ஒன்று வந்து காத்திருக்கிறது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது. முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். அந்தத் தமிழை விரிவுரையாளர் திருத்திக் கொடுத்தாராம். வாசிக்கப் பல்லுக் கூசியது.

ஒருவரும் விழவில்லை. ஒருவர்கூட. லொறி ஓட்டுகிறவனிடம் கேட்டேன், "ஏன்ரா, உனக்குப் பரிசு வந்ததாமே?" அவன் சொன்னான், "உதெல்லாம் ஆர் அண்ணை வாசிக்கிறது?" உசார் என்று நினைக்க வேண்டாம். அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் மருமகள் வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாள். பிசைகிறாள், வாயில் வைக்கவில்லை.

"என்ன பிள்ளை, ஒருத்தரும் விழேல்லையெண்டால் நல்லது தானே? என்ரை ஆக்கள் கெட்டிக்காரர் எண்டு எழுதிப் போட்டு முடி."

"அப்பிடி எழுத ஏலாது மாமா. விழாத ஆக்களுக்கு நான் என்னத்தைப் பழக்கினன் எண்டு காட்டுறது? தரவு இல்லை, ஆய்வு இல்லை எண்டு மேற்பார்வை சேர் சொல்லிட்டார். இந்த மாதத்துக்குள்ளை முடியேல்லையெண்டால் அடுத்த தொகுதிப் பிள்ளையளோடை திரும்பச் செய்யட்டாம்."

"செய்."

"கொழும்பிலை வேலை தாறன் எண்டவை அடுத்த தொகுதி மட்டும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டினம் மாமா."

அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது. தகப்பன் சுகமில்லாமல் வீட்டோடு இருக்கிற பிள்ளை. அந்த வேலையை நம்பித்தான் தங்கச்சி இருந்தாள். நாலு வருசம் கறுப்புத் திரையைப் பார்த்ததெல்லாம், என் கடையில் ஒருவனும் பொதிக்கு ஆசைப்படவில்லை என்பதால் வீணாகப் போகிறது.

"உந்தப் புத்தகத்தை எழுதினது ஆர்?" என்று கேட்டேன்.

"அமெரிக்காக்காரர்."

"அவனுக்கு எங்கடை சனத்தைத் தெரியுமோ? பரிசு, பொதி எண்டு அனுப்பினால் எவன் பாப்பான்? ஒரு செத்தவீட்டை அனுப்பு."

"என்ன?"

"மரண அறிவித்தல் அனுப்பு. கையிலை சோறு இருந்தாலும் கழுவிப்போட்டு வந்து அமத்துவான்."

இதைச் சொல்ல எனக்கு எந்தக் கல்லூரியும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் காலமை எழும்பினவுடன் எவர் எதைப் பார்க்கிறார்? பல்லு விளக்க முதலே கைபேசியில் மரண அறிவித்தலைப் பார்ப்பார்கள். கனடாவில் இருக்கிறவனும் அதைத்தான் பார்க்கிறான், சுவிசில் இருக்கிறவனும் அதைத்தான் பார்க்கிறான். நானே நீண்ட வசனம் வாசிக்கப் பழகினது பத்திரிகை மரண அறிவித்தலில்தான். பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும், அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், ஆசை மைத்துனரும் என்று ஒரு வசனம் அரைப் பக்கம் ஓடும், மூச்சு விடாமல் வாசித்து முடிப்பேன்.

"ஆற்றை பேரை மாமா போடுறது? பொய்ப் பேர் போட்டாலும் அதே பேரிலை ஒருத்தர் எங்கையாவது இருப்பார்."

"பேர் போடாதை. அதுதான் சூட்சுமம். கொப்பியை எடு, சொல்லுறன், எழுது. 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், திருநெல்வேலியை வதிவிடமாகவும் கொண்டவரும், அனைவராலும் அறியப்பட்டவருமாகிய...' அந்த இடத்திலை வெட்டு. 'மேலும் வாசிக்க' எண்டு போடு. ஆரெண்டு அறியாமல் ஒருத்தனும் இருக்க மாட்டான்."

எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள்.

"மாமா, உது பாவமில்லையோ?"

"பேரில்லாதவன் எப்பிடியடி சாவான்? சேரிட்டைக் கேட்டு அனுப்பு."

சேரிடம் தொலைபேசியில் கேட்டாளாம். உள்ளூர் உதாரணம் நல்லது என்று இரண்டு சொல்லில் சம்மதித்தாராம். வாசித்தாரோ என்னவோ.

கடையில் அலுவல் குறைந்த ஒரு காலமை நேரத்தில் அனுப்பினாள். நான் என் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காசாளர்ப் பிள்ளையின் தலை குனிந்தது. பிறகு களஞ்சியக்காரன். முற்றத்தில் கல் அரிந்துகொண்டிருந்தவர்கள் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்கள். காவலாளி குறட்டையை நிறுத்தினான். ஒருவர் மிச்சமில்லை. அமெரிக்காக்காரனால் முடியாததை நான் ஒரு அரை வசனத்தால் செய்தேன்.

ஆனால் பிறகு நடந்ததை நானும் நினைக்கவில்லை, படித்தவர்களும் நினைக்கவில்லை. இணைப்பை அமத்தினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் இது ஒரு பாதுகாப்புப் பரிசோதனை என்று கல்லூரியின் பெயரோடு எழுதியிருந்தது. எழுதியவர் விரிவுரையாளர். தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் அரசாங்கச் சுற்றறிக்கைத் தமிழ். அதை எவன் வாசிப்பான்? எல்லாரும் தேடியது ஒரு படம், ஒரு பெயர். இரண்டும் இல்லை. அப்படியென்றால் தங்கள் கைபேசியில் சரியாகத் திறக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். எங்கள் சனம் அப்போது என்ன செய்யும்? திறக்கக்கூடிய இடத்துக்கு அனுப்பும்.

காசாளர்ப் பிள்ளை எனக்கு முன்னாலேயே கனடாவில் இருக்கிற தமக்கைக்குக் குரல் அனுப்பினாள்: "அக்கா, உதை ஒருக்கால் திறந்து பார். இஞ்சை எனக்கு என்னவோ கடிதம் மாதிரிக் காட்டுது. ஆள் ஆரெண்டு பாத்துச் சொல்லு."

தமக்கைக்கும் திறக்கவில்லை. அவள் இலண்டனுக்கு அனுப்பினாள்.

மத்தியானத்துக்கு முதல் மருமகள் கடைக்குள் ஓடி வந்தாள்.

"மாமா, கடை ஆக்களுக்கு மட்டும் அனுப்பினது ஆயிரத்தைத் தாண்டிட்டுது! சுவிசிலை இருந்து அமத்தினம், நோர்வேயிலை இருந்து அமத்தினம்!"

"பிறகென்ன? கேட்டதுக்கு மேலை விழுந்திருக்கு. சந்தோசப்படு."

"எனக்கு அனுமதி இந்தக் கடைக்கு மட்டும்தான் மாமா. வெளியாக்களிலை ஒருத்தர் முறைப்பாடு செய்தாலும் ஆய்வையே நிப்பாட்டிப் போடுவினம்."

அந்த ஒருத்தர் பின்னேரமே கல்லூரியில் முறைப்பாடு செய்தார். என் கடைக்கு மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் இருக்கிறார். கரவெட்டியில் பிறந்து, திருநெல்வேலியில் வீடு கட்டினவர். ஒரு பை சீமெந்து வாங்க வந்தால் ஒரு மணித்தியாலம் இங்கிலீசில் கதைக்கிற மனிசன். வெளிநாட்டில் இருக்கிற கரவெட்டிச் சனம் தங்களுக்குள் கூடிக் கதைத்து, திருநெல்வேலியில் இருக்கிற நம்முடைய ஆள், எல்லாருக்கும் தெரிந்த ஆள், வயதான ஆள் என்று கழித்துக் கழித்துப் பார்த்து, கடைசியில் அவர்தான் என்று முடிவெடுத்துவிட்டது.

சில நாளில் விசாரணை வைத்தார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. மருமகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், வெளியே இருந்த வாங்கில் இருந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. பாதுகாப்புப் படிப்பிக்கிற இடம்.

உள்ளே மூன்று பேர்: துறைத் தலைவர், ஒழுங்குவிதி பார்க்கிற அம்மா, மேற்பார்வையாளர். எதிரே அதிபர், வேட்டி சால்வையோடு. அவர் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"என்ரை தம்பியின்ரை மனுசி பாரிசிலை இருந்து போன் எடுத்து, என்னட்டையே 'அத்தானுக்கு என்ன நடந்தது?' எண்டு குழறுது. நான்தான் கதைக்கிறன் எண்டாலும் நம்புதில்லை. பேந்து வான் பிடிச்சு ஆக்கள் வந்து இறங்கினம், வெள்ளை உடுத்து. பேப்பர் வாசிச்சுக்கொண்டு விறாந்தையிலை இருக்கிறன். ஒரு பொடியன், என்னை அடையாளம் தெரியாது, என்னட்டை வந்து கேக்கிறான், 'ஐயா, எப்ப எடுக்கினம்?' எண்டு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்தினேன்.

ஒழுங்குவிதி அம்மா மருமகளைக் கேட்டார்: "இந்த வாசகத்தை எழுதியது யார்? நீங்களா?"

மருமகள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லாவிட்டால் ஆய்வை இரத்துச் செய்யத்தான் பரிந்துரைக்க வேண்டி வரும்" என்றார் துறைத் தலைவர்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"நான்தான் எழுதினது."

"ஐயா, நீங்கள் ஆர்?"

"கடைக்காரன். செத்தவனைப் பெத்தவனும் நான்தான்."

அதிபர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நீரோ? நீர் எதுவரைக்கும் படிச்சனீர்?"

"ஐஞ்சு, சேர்."

"ம்." கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். "என்ரை மகன் அவுஸ்திரேலியாவிலை இருந்து அதை எனக்கு அனுப்பி, 'அப்பா, உது ஆர்?' எண்டு கேட்டவன். எங்கடை ஊராள், திருநெல்வேலியிலை இருக்கிறவர், எனக்குத் தெரியாமல் ஆரப்பா எண்டு..." நிறுத்தினார்.

"நீங்களும் அமத்தினீங்களோ சேர்?" என்று கேட்டேன்.

"அமத்தினனான்" என்றார்.

ஒழுங்குவிதி அம்மா முகத்தைத் தாள்கள் வைத்திருந்த கோவைக்குள் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அதிபரும் சிரித்துவிட்டார். தன் சாவைத் தானே திறந்து பார்த்த மனிசன் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு முறைப்பாடு செய்வார்? ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அந்தச் செய்தி போன இடத்துக்கெல்லாம் போகும்படி மறுப்பு ஒன்று போக வேண்டும், அதுவும் சுற்றறிக்கைத் தமிழில் எழுதக் கூடாது, சனம் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அந்த இடத்திலேயே நான் சொன்னேன், மருமகள் எழுதினாள்: "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், திருநெல்வேலியை வதிவிடமாகவும் கொண்டவர் எனக் குறிப்பிடப்பட்டவர் பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த மன்னிப்புடன் அறியத் தருகின்றோம்." அதிபர் இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பிறகு ஒழுங்குவிதி அம்மா என்னிடம் வாக்குமூலம் கேட்டார். செய்தியின் வாசகத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது, மாணவிக்கு அதில் பங்கில்லை என்று எழுதினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்து என் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும் அந்த அம்மாவே எழுதினார். நான் ஒப்பம் வைத்தேன். மருமகளுக்கு எச்சரிக்கை மட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு அனுப்பியிருந்தபடியாலும், ஒவ்வொன்றையும் முதலில் அமத்தினது கடை ஆள் என்றபடியாலும், கடை ஆட்கள் அமத்தினதை மட்டும் பிரித்தெடுத்துப் பாவிக்கலாம், வெளிநாட்டுக் கணக்கை அழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக ஓடியது. கடை ஆட்களை முற்றத்தில் இருத்திப் பழக்கினாள். எதையும் அமத்த முதல் அனுப்பினவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேள் என்றாள். எங்கள் சனத்துக்குக் கதைக்கச் சொன்னால் போதாதா? அடுத்த தரம் கலியாண அழைப்பு என்று ஒன்றை அனுப்பினாள், அதையும் நான்தான் சொன்னேன். அரைவாசிக்கு மேல் தப்பிவிட்டார்கள். ஆய்வு தேறியது. தேறினது மட்டுமில்லை, அந்தத் தொகுதியிலேயே அதுதான் சிறந்தது என்றார்கள். மேற்பார்வையாளர் அதைக் கொழும்பில் ஒரு மாநாட்டுக்குக் கொண்டு போய்க் கைதட்டு வாங்கினார். மருமகளுக்கு வேலையும் கிடைத்தது.

போக முதல் ஆய்வைக் கட்டிக் கொண்டுவந்து காட்டினாள். கறுப்பு அட்டை, பொன் எழுத்து, எல்லாம் ஆங்கிலம். எனக்கு முன்னால் இருத்தி வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். என் கடைக்கு அதில் "நிறுவனம் அ" என்று பெயர். இரண்டு தரம் கட்டின கடைக்கு ஒரு எழுத்து. போகட்டும். மரண அறிவித்தல் வருகிற இடத்துக்கு வந்தாள். சத்தம் குறைந்தது.

"'ஆய்வாளரினால் வடிவமைக்கப்பட்ட, உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ற தூண்டில் செய்தி' எண்டு கிடக்கு மாமா."

"ஆய்வாளர் எண்டால் ஆர்?"

"நான்."

"நன்றி சொல்லுற பக்கத்தைத் திருப்பு."

திருப்பினாள். மேற்பார்வையாளருக்கு நன்றி. ஆய்வுகூட உதவியாளருக்கு நன்றி. எழுத்துப் பிழை பார்த்த தோழிக்கு நன்றி. கடைசி வரியில், தங்குவதற்கு இடமும் உணவும் தந்த மாமாவுக்கும் மாமிக்கும் நன்றி.

"சோத்துக்கோ?" என்றேன்.

"மாமா, ஆய்விலை ஆக்களை மறைச்சுத்தான் எழுத வேணும். அதுதான் விதி."

"விசாரணையிலை ஏன் மறைக்கேல்லை? அண்டைக்கு என்ரை பேர், அப்பரின்ரை பேர், எல்லாம் வேண்டியிருந்துது."

"அது வேறை மாமா."

"ஓம், வேறைதான். அடி விழேக்கை பேர் வேணும், மாலை விழேக்கை 'அ'."

அவள் தலையைக் குனிந்தாள். சேரிடம் கேட்டதாகவும், ஆய்வாளர் தவிர வேறு ஒருவர் எழுதினது என்று வந்தால் ஆய்வின் தரம் குறைந்துவிடும் என்று சேர் சொன்னதாகவும் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டத்துக்காகப் பயந்தாள், இப்போது வேலைக்காகப் பயப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பில் இருந்து எடுத்துக் கதைக்கிறாள், கடை சேர்வருக்கு மாலை போட்டுவிடாதேங்கோ என்கிறாள். என் கோபம் அந்தக் கழுத்துப்பட்டிக்காரரோடு. நாலு வருசம் படிப்பித்து ஒரு பொதியைத் தவிர வேறு பொய் தெரியாத கூட்டத்தோடு.

அந்த ஆய்வைக் கட்டுரையாக்கி ஏதோ சஞ்சிகையில் அச்சடிக்கப் போகிறார்களாம். இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். அப்படியென்றால் திருத்த நேரம் இருக்கிறது. ஆகவே, கல்லூரியாரே, உங்களிடம் கேட்கிறேன்.

"ஆய்வாளரினால் வடிவமைக்கப்பட்ட" என்கிற இடத்தை வெட்டுங்கள். மரண அறிவித்தல் அனுப்பச் சொன்னவர், வாசகத்தைச் சொன்னவர், பெயரைப் போடாமல் விடச் சொன்னவர், மறுப்பை எழுதினவர் என்று அந்த இடத்தில் என்னைப் போடுங்கள். கடையின் பெயர் வேண்டாம், அது "அ" ஆகவே கிடக்கட்டும். ஐந்தாம் வகுப்பு என்றும் போடுங்கள், எனக்கு வெட்கமில்லை. கடைசிப் பக்கத்துச் சோற்று நன்றியில் இருந்து என்னை எடுத்துவிட்டு என் மனைவியை மட்டும் விடுங்கள், சமைத்தது அவள். என் பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் என்னிடம் வரத் தேவையில்லை. உங்கள் கந்தோர் அலுமாரியில், விசாரணைக் கோவையில், என் ஒப்பத்துக்கு மேலே முழுதாக இருக்கிறது. எழுதினவர் உங்கள் ஒழுங்குவிதி அம்மா. அதைப் பார்த்து எழுதுங்கள்.